30 அடித் தெருவில் 480 வீடு: மனு எழுதும் முன் டேப்பை எடுங்கள்

கேள்வி இதுதான். மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் ஒரு தெரு. தெருக்கோடியில் 5 ஏக்கர் காலி மனை. அதில் 480 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. தெரு 30 அடி, பாதி வழியில் ஒரு பள்ளிக்கூடம். குடியிருப்போர் நலச்சங்கத்தில் எல்லோரும் கொதித்துப்போய், "போக்குவரத்து நெரிசல் ஏற்படும், பொதுமக்கள் பாதுகாப்புக்குக் குந்தகம் விளையும்" என்று மனு எழுதி 200 கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. இதை யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் எடுபடுமா?

அந்த மனு அப்படியே போனால் எடுபடாது. மனசு கஷ்டப்படும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். சாலைக் கணக்கெடுப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கட்டுமான நிறுவனங்களுக்காகப் போக்குவரத்து அறிக்கை எழுதியிருக்கிறேன், குடியிருப்போருக்காக அதே மாதிரி அறிக்கைகளைப் பிரித்து மேய்ந்தும் இருக்கிறேன். "நெரிசல் ஏற்படும்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கும். கோப்பைப் பார்க்கும் அதிகாரி அதன் ஓரத்தில் "பொதுவான ஆட்சேபணை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போவார். "மனையிலிருந்து 140ஆவது மீட்டரில், டிரான்ஸ்ஃபார்மர் அருகே, தெருவின் அகலம் 8.7 மீட்டர்" என்று எழுதினால் அப்படித் தாண்டிப் போக முடியாது. ஒன்று நேரில் வந்து அளக்க வேண்டும், இல்லை பதில் எழுத வேண்டும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வண்டிகள் கிளம்பும் முன், 30 மீட்டர் டேப்போடு மூன்று பேர் இறங்குங்கள். மெயின் ரோட்டில் தொடங்கி மனையின் வாசல் வரை 20 மீட்டருக்கு ஓரிடம் என்று அளந்து எழுதுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நான்கு அகலம் உண்டு. ஆவணத்தில் இருக்கும் அகலம் ஒன்று. காம்பவுண்டிலிருந்து எதிர்க் காம்பவுண்டு வரை உள்ள அகலம் இரண்டு. தார் போட்ட அகலம் மூன்று. வண்டி நிஜமாகவே ஓடக்கூடிய அகலம் நான்கு, அதாவது ஈ.பி. கம்பம், வடிகால் மூடி, நிறுத்திய கார், வாசல் சாய்தளம் எல்லாம் போக மிச்சம். 30 அடித் தெரு என்று சொல்லும் இடத்தில் நாலாவது அகலம் 14 அடியாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் நடைமுறைக்கு வந்தன. அதில் கட்டடத்தின் உயரமும் தளப்பரப்புக் குறியீடும் (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) சாலை அகலத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். உயர்மாடிக்கான முழுக் குறியீடு 3.25. அது 18 மீட்டர் சாலையில் இருப்பவர்களுக்குத்தான். 18.30 மீட்டருக்குள் அடங்கும் கட்டடத்துக்கு 9 மீட்டர் சாலை போதும், குறியீடு 2. இப்போது உங்கள் 30 அடியை மீட்டராக்குங்கள்: 9.14. விதி கேட்கும் 9 மீட்டரைவிட வெறும் 14 சென்டிமீட்டர் கூடுதல்! ஒரு காம்பவுண்டுச் சுவர் அரை அடி வெளியே வந்திருந்தால் அந்த இடத்தில் கணக்கே மாறிவிடும். தெருவில் அப்படி எத்தனை சுவர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அகலம் மனையின் வாசலில் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். 2008இல் வந்த சென்னை இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளிலேயே, பலமாடிக் கட்டடத்துக்குத் தகுதியான சாலை அகலம் குறைந்தது 500 மீட்டர் நீளத்துக்காவது தொடர்ந்து இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மனைக்கு முன்னால் மட்டும் தன் நிலத்தில் கொஞ்சம் விட்டு அகலப்படுத்திக் காட்டும் வித்தைக்கு எதிராக வந்த விதி அது. ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: விதிப் புத்தகத்துக்கு அடிக்கடி திருத்தம் வரும். விண்ணப்பம் கொடுத்த நாளில் எந்தப் பிரதி நடைமுறையில் இருந்ததோ அதைத் தேடி எடுத்து, அதன் விதி எண்ணை மனுவில் எழுதுங்கள். பழைய எண்ணை எழுதினால் அதைச் சாக்காக வைத்தே பதில் வந்துவிடும்.

ஆவண அகலத்துக்குப் புலப்படம் (சர்வே எண்வாரியான நில அளவை வரைபடம்), மனைப்பிரிவு வரைபடம் இரண்டையும் பாருங்கள். புலப்படம் அரசின் இணையவழிச் சேவைத் தளத்திலேயே கிடைக்கிறது. இதில் ஒரு சங்கடம் வரலாம். ஆவணத்தில் 40 அடி, தரையில் 31 அடி என்று இருந்தால் அந்த 9 அடி எங்கே போயிற்று? சங்கத் தலைவரின் கார் ஷெட்டுக்குள் போயிருக்கலாம். நீங்கள் கிளப்பும் கேள்வி உங்கள் வாசலுக்கே வரும். வரட்டும் என்று துணிந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள். துணியாத சங்கங்கள் பாதியில் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

அளந்தாயிற்றா, சரி, அடுத்து எண்ணுவது. 480 வீடு வந்தால் எத்தனை வண்டி வரும்? கூட்டத்தில் ஒருவர் ஆயிரம் என்பார், இன்னொருவர் இரண்டாயிரம் என்பார். ஊகம் வேண்டாம். பக்கத்தில் ஏற்கெனவே குடிவந்துவிட்ட, அதே விலையில், அதே அளவு வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று இருக்கும். அதன் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு வேலைநாள் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை உட்காருங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை ஆட்டோ, எத்தனை பள்ளி வேன் என்று கோடு போடுங்கள். உள்ளே வருவது தனி, வெளியே போவது தனி. இரண்டு செவ்வாய், ஒரு வியாழன் போதும். சனி, ஞாயிறு வேண்டாம். உணவு டெலிவரிப் பையன்களின் வண்டியை மறக்காதீர்கள். காலையில் குறைவு, இரவு எட்டு மணிக்கு அவர்கள்தான் தெருவை ஆள்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பக்கத்துக் குடியிருப்பு 200 வீடு. உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு 66 காரும் 84 பைக்கும் கேட்டைத் தாண்டுகின்றன என்று வையுங்கள். 480 வீட்டுக்கு அது 2.4 மடங்கு: 158 கார், 202 பைக். சாலைக் கணக்கில் எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றிச் சொல்வது வழக்கம். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 106ஆம் எண் வழிகாட்டியில், தெருவில் பைக் அதிகமாக ஓடினால் ஒரு பைக் 0.75 கார். அப்படியானால் 158 கூட்டல் 151, சுமார் 310. உங்கள் தெருவில் இப்போதே உச்ச நேரத்தில் 400 பைக், 130 கார், கொஞ்சம் ஆட்டோ, பள்ளி வேன் என்று ஓடினால் அது ஏறக்குறைய 510. இரண்டும் சேர்ந்து 820. அதே வழிகாட்டியின்படி, குடியிருப்புக்குள் போகும் இணைப்புச் சாலை ஒன்று, இரு திசையிலும் வண்டி ஓடும் இரண்டு தடச் சாலையாக இருந்தால், மணிக்கு 900 வரை தாங்கும்.

"பார்த்தீர்களா, 900க்குள்தானே இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு அறிக்கை இங்கே முடித்துக்கொள்ளும். நீங்கள் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு தடம் என்றால் தார்ச்சாலை மட்டும் ஏழு, ஏழரை மீட்டர். உங்கள் தெருவில் தார் ஐந்தரை மீட்டர்தான் என்று டேப் காட்டினால் 900 என்ற எண் உங்களுக்குப் பொருந்தாது. அதுவும் மெயின் ரோட்டுச் சந்திப்பில் வலது பக்கம் திரும்ப எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. நெரிசல் தெருவின் நடுவில் பிறப்பதில்லை, முனையில்தான் பிறக்கிறது. சந்திப்பில் கடைசி வண்டி எங்கே நிற்கிறது, வால் எத்தனை மீட்டர் நீள்கிறது, பள்ளி வாசலைத் தொடுகிறதா என்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுத்து வையுங்கள்.

எண்ணிக்கை எடுத்த தேதியையும் பாருங்கள். ஒரு முறை எனக்குக் கிடைத்த 80 பக்க அறிக்கையில் அட்டவணை, வரைபடம், வண்ணப்படம் எல்லாம் அருமை. பின்னிணைப்பில் கணக்கெடுத்த தேதி மே மாதம் இரண்டாவது வாரம் என்று இருந்தது. பள்ளி விடுமுறை! அந்தத் தெருவில் இரண்டு பள்ளிகள். அந்த ஒரு தேதியை வைத்தே மறுகணக்கெடுப்பு கேட்க முடிந்தது. எடுத்தார்கள், எண் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானது.

அறிக்கைகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற இன்னொன்று தண்ணீர் லாரி. நீங்கள் சொல்லும் பகுதியில் குழாய்த் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வந்துவிடவில்லை. ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டக் கணக்கில் பயன்படுத்தும் அளவு. 480 வீட்டில் வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 1,920 பேர், நாளைக்கு சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அது 21, 22 நடை. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பிவிட்டாலும் 14, 15 நடை வரும். ஒவ்வொன்றும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை. கோடையில் கிணறு வற்றும் மாதங்களில், தினமும், பள்ளிக்கூட வாசல் வழியாக. நெரிசலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு கணக்கு கனமானது. "குடிநீர் எங்கிருந்து வரும், லாரி என்றால் எத்தனை நடை, எந்த நேரத்தில், எந்த வழியாக" என்று கேளுங்கள். இதற்கான பதில் பல கோப்புகளில் இருக்காது.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வருவோம். மனுவில் அதை நெரிசலோடு ஒட்டியே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல, சில நேரம் நேர் எதிர். காலை எட்டரைக்கு வண்டிகள் ஊர்ந்து போகும்போது உரசல் இருக்கும், சண்டை இருக்கும், உயிர்ப்பலி அரிது. நெரிசல் தீரவேண்டும் என்று தெருவை அகலப்படுத்தித் தார் போட்டுப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் காலித் தெருவில் பைக் பறக்கும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இத்தனை உயிரிழப்புக்கும் நெரிசலா காரணம்? ஆகவே "சாலையை அகலப்படுத்து" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அகலமாகும் பங்கில் முதல் பங்கு நடப்பவனுக்கு என்று கேளுங்கள். தடையில்லாமல் 1.8 மீட்டர் நடைபாதை என்பது ரோட்ஸ் காங்கிரஸே சொல்லும் குறைந்தபட்ச அளவு. பள்ளி வாசலில் சாலை மட்டத்தைவிட உயர்த்திய கடவை, முறைப்படி கட்டிய வேகத்தடை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ போட்டுவிட்டுப் போகும் சிமெண்ட் மேட்டைச் சொல்லவில்லை. அதில் விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் தனிக் கணக்கு.

தீயணைப்பு வண்டி விஷயத்தில் ஊகத்துக்கு இடமே இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயரமான கட்டடத்தைச் சுற்றி வண்டி ஓட 6 மீட்டர் வழி, 45 டன் எடை தாங்கும் தரை, திரும்புவதற்கு 9 மீட்டர் ஆரம் என்று கேட்கிறது. மனைக்குள் இதையெல்லாம் காட்டிவிடுவார்கள். மனைக்கு வெளியே? உங்கள் தெருவில் தாழ்வாகத் தொங்கும் கேபிள் எத்தனை, முனையில் கோயில் வளைவின் உயரம் எவ்வளவு, வடிகால் மூடிப் பலகை எத்தனை டன் தாங்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் தீப்பிடித்தாலும் அதே தெரு வழியாகத்தான் வண்டி வர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். 108 ஆம்புலன்ஸுக்கும் இதே கதைதான்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி. 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகரில் படகு விட்ட தெருக்கள் எவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 480 வீட்டுக்கும் ஒரே வழி, அந்த வழி முட்டளவு தண்ணீரில் என்றால் அது போக்குவரத்துப் பிரச்சினையோடு நிற்காது. தண்ணீர் எவ்வளவு நின்றது என்று தேதியோடு கூடிய படங்கள் வாட்ஸ்அப்பில் புதைந்து கிடக்கும், தோண்டி எடுங்கள்.

இதையெல்லாம் எங்கே கொடுப்பது? நிறையப் பேர் "பொது விசாரணை வைக்கவில்லை, அதனால் செல்லாது" என்று கிளம்புகிறார்கள். அந்த வாதம் நிற்காது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 480 வீடு நிச்சயம் அதைத் தாண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு கொடுத்துவிட்டது. இது சரியா என்றால் எனக்குச் சரியாகப் படவில்லை. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பந்தல் போட்டு மக்களைக் கேட்கிறார்கள், 2,000 பேர் குடிவரும் திட்டத்துக்குக் கேட்பதில்லை. ஆனாலும் விதி அப்படி. அதனால் யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள், நீங்களாகத்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

முதலில் பரிவேஷ், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் இணையதளம். திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் விண்ணப்பம், நிபுணர் குழுவின் கூட்டப் பொருள்நிரல், நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் கிடைக்கும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு அந்தத் திட்டத்தை எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்கு முன்பே உங்கள் அளவும் எண்ணிக்கையும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அனுமதி வந்த பிறகு கொடுக்கும் மனு வேறு சாதி. அனுமதி வந்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். போதிய காரணம் காட்டினால் தீர்ப்பாயம் இன்னும் 60 நாள் வரை தரலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அனுமதி கிடைத்ததை நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். யாருமே படிக்காத மூலையில் அது வரும், படிக்க ஒருவரை நியமியுங்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருப்பது உங்களுக்கு ஒரு வசதி.

அடுத்தது திட்ட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. உயர்மாடிக் கட்டடம் என்றால் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை, நீர்வளத் துறை எல்லோரிடமும் தடையின்மைச் சான்று கேட்பார்கள். உங்கள் மனுவின் ஒரு பிரதி போக்குவரத்துக் காவல்துறைக்கும் ஒன்று தீயணைப்புத் துறைக்கும் தனித்தனியாகப் போக வேண்டும்; அவரவர் வேலைக்குரிய பக்கம் முதலில் இருக்கும்படி அடுக்குங்கள். ஒரே கட்டை எல்லோருக்கும் அனுப்பினால் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஸ்பீட் போஸ்ட், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தில் தடையின்மைச் சான்றுகளின் நகலையும் சான்றில் போட்ட நிபந்தனைகளையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நிபந்தனைதான் பொக்கிஷம். "இரண்டாவது வாசல் அமைக்க வேண்டும்" என்று யாரோ ஒரு வரி எழுதியிருப்பார்கள், வரைபடத்தில் அந்த வாசல் இருக்காது. அனுமதி பெற்ற வரைபடத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்திலும் பார்க்கலாம்.

உங்கள் பகுதி இன்னும் ஊராட்சியாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. வருடத்தில் ஆறு நாள். தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடாது, திட்ட அனுமதி ஊராட்சியின் கையில் இல்லை. ஆனால் அளவும் எண்ணிக்கையும் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது பொது ஆவணம், பின்னால் வழக்கில் பேசும்.

நீதிமன்றம் கேட்குமா என்றால், ஆவணம் இருந்தால் கேட்கும். நொய்டாவில் எமரால்டு கோர்ட் குடியிருப்பாளர்கள் 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார்கள். புதுக் கோபுரத்துக்கும் தங்கள் கட்டடத்துக்கும் நடுவே 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டர்தான் இருக்கிறது என்பது அவர்கள் கையில் இருந்த முக்கியமான ஆயுதங்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் புதிதாக எழுப்பிய இரண்டு கோபுரங்களையும் இடிக்கச் சொன்னது, மறு ஆகஸ்டில் இடித்தார்கள். பத்து வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் சண்டிகர் குடியிருப்போர் வழக்கில், நகர வளர்ச்சிக்கு அனுமதி தரும் முன் சுற்றுச்சூழல் தாக்கத்தை ஆராய வழிசெய்யுங்கள் என்று அரசுகளை அதே நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. மேற்கோள் காட்ட உதவும், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

என்ன கேட்பது என்பதில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன. "கட்டவே கூடாது" என்று கேட்பது சுலபம், அது தோற்றால் கையில் ஒன்றும் இருக்காது. வீடு எல்லோருக்கும் வேண்டும். உங்கள் குடியிருப்பு வந்தபோதும் எதிர்த் தெருவில் யாரோ முணுமுணுத்திருப்பார்கள். சாலை அகலம் விதிக்குக் குறைவு என்று நிரூபணமானால் அனுமதியை எதிர்த்து நில்லுங்கள், தயங்க வேண்டாம். விதிக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தால் நிபந்தனைக்குப் போராடுங்கள். மெயின் ரோட்டுக்கு வேறு வழியில் இரண்டாவது வாசல். முதல் வாசல் பள்ளியிலிருந்து தள்ளி. வாசலில் செக்யூரிட்டித் தடுப்பு, சாலை விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று, நான்கு கார் நீளம் உள்ளே. இது அற்பமாகத் தோன்றும். மாலை ஏழு மணிக்கு ஒரு விருந்தாளி கார் கண்ணாடியை இறக்கி, எந்த பிளாக், எந்த வீடு என்று சொல்லி, செக்யூரிட்டி போன் போட்டு, அந்த வீட்டில் எடுக்காமல், மறுபடி போட்டு, அதற்குள் பின்னால் நான்கு வண்டி தெருவில் நிற்கும். அந்த வால் முழுக்க உங்கள் தெருவின் பங்கு.

பெரிய கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கிறார்கள். இந்தத் திட்டம் எவ்வளவு கட்டியது, அதில் இந்தச் சாலைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். சாலை வேலை முடிந்த பிறகே கட்டட நிறைவுச் சான்று என்று நிபந்தனை போட வைக்க முடிந்தால் அது பெரிய வெற்றி. மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அந்தச் சான்றைக் காட்டித்தான் வாங்க வேண்டும், ஆகவே நிறுவனமே சாலைக்காக அலுவலகம் அலுவலகமாக ஓடும்.

மனுவிலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள். "வெளியாட்கள் வருவதால் பாதுகாப்பு கெடும்" என்ற வரி. யார் அந்த வெளியாட்கள்? காசு கொடுத்து வீடு வாங்கி வருபவர்கள். அரசு கட்டும் வீடுகளுக்கு எதிராக இதே வரி இன்னும் அசிங்கமாக எழுதப்பட்டதைப் படித்திருக்கிறேன். அது நியாயமும் இல்லை, உங்கள் டேப் அளவின் மதிப்பையும் கெடுத்துவிடும். அப்புறம், உங்கள் வாசல் சாய்தளங்களையும் தெருவில் நிறுத்தும் உங்கள் கார்களையும் நீங்களே முதலில் சரிசெய்துவிட்டுப் படம் எடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும்.

கட்டுமானக் காலத்தைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். குடிவருவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே லாரி வந்துவிடும். 8,000 சதுர மீட்டரில் 4 மீட்டர் ஆழத்துக்கு ஒரு அடித்தளம் தோண்டினால் 32,000 கன மீட்டர் மண். தோண்டிய மண் உப்பும், 40,000 என்று வையுங்கள். டிப்பருக்கு 15 கன மீட்டர் என்றால் 2,600க்கும் மேல் நடை. மூன்று மாதத்தில் அள்ளினால் நாளைக்கு 30 லாரி போகும், 30 லாரி வரும். அதன் பிறகு கான்கிரீட், ஒரு மிக்ஸர் லாரியில் 6 கன மீட்டர். தளம் போடும் நாளில் மிக்ஸர்கள் வரிசையாகத் தெருவில் நிற்கும், பம்ப்பு வண்டி பாதித் தெருவை அடைத்துக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, ஒரு சாலையில் எந்த வகை வண்டி எந்த நேரத்தில் போகக்கூடாது என்று கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. பள்ளி திறக்கும் நேரம், விடும் நேரம் இரண்டையும் எழுதி, அந்த நேரங்களில் கனரக வாகனத் தடை கேட்டுக் காவல்துறைக்கு இப்போதே தனி மனு கொடுத்துவிடுங்கள். பள்ளி நிர்வாகத்தின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். மண் வேலை தொடங்கும் நாளில் கேட்டால் உத்தரவு வருவதற்குள் மண் போய்விட்டிருக்கும்.

நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவையும் உண்டு. மிக்ஸர்கள் மனைக்குள்ளேயே காத்திருக்க வேண்டும், தெருமுனையிலும் பள்ளி வாசலிலும் கொடியோடு ஆள் நிற்க வேண்டும், சக்கரம் கழுவிவிட்டுத்தான் வண்டி வெளியே வர வேண்டும். மழை நாளில் டிப்பர் சக்கரத்திலிருந்து கொட்டும் களிமண்ணில்தான் பைக்குகள் வழுக்குகின்றன. தள மேலாளரின் கைபேசி எண் வெளிப்பலகையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சங்கத்தில் யார் கூப்பிடுவது என்று ஒருவரை மட்டும் முடிவு செய்யுங்கள். நாற்பது பேர் கூப்பிட்டால் இரண்டாம் நாள் அந்த எண் அணைக்கப்பட்டிருக்கும்.